லேத்துக்காரரை அவசரப்படுத்தாதீங்க

எங்க ஊருக்கு வரும் பட்டணத்து நண்பர்கள் லேத்துப் பட்டறையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். "இரும்பைக் கடையுறார், கையில ஒரு கிளவுஸ் கூட இல்லையே! கிராமத்துல விழிப்புணர்வே கிடையாதுங்க."

விஷயம் நேர் எதிர். லேத்து ஓடும்போது கையுறை போடக் கூடாது. சூடான இரும்புச் சுருள் வெறும் கையில் பட்டால் தோல் கிழியும், சுடும், பெரும்பாலும் ஆறிவிடும். கையுறையின் ஒரு நூல் சுற்றுகிற ஷாஃப்ட்டில் மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றும். எங்க டிராக்டர் பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு 540. லேத்தில் ஒரு மோட்டார் ஷாஃப்ட்டைக் கடைய 500 சுற்று என்பது சாதாரணம். நொடிக்கு எட்டுக்கு மேல். துணி மாட்டியது மூளைக்கு உறைத்துக் கை அசையவே கால் நொடி ஆகும். அதற்குள் இரண்டு சுற்று முடிந்திருக்கும். ஷாஃப்ட் 2 அங்குல விட்டம் என்றால் ஒரு அடித் துணி உள்ளே போயிருக்கும். சுவிட்சைத் தேட நேரமே இல்லை. அதனால்தான் பழகிய லேத்துக்காரர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுகிறார். தோளில் துண்டு, மணிக்கட்டில் கயிறு, விரலில் மோதிரம் எதுவும் இருக்காது.

மற்ற விதிகளும் அதிகமில்லை. இரும்பைக் கவ்வும் சக்கை முடுக்கியதும் சாவியைக் கழற்றிவிட்டுத்தான் கையை எடுக்கணும். மறந்து சுவிட்ச் போட்டால் சாவி கல்லெறி மாதிரி பறந்து வரும். இரும்புச் சுருளைக் கொக்கியால்தான் இழுக்கணும். அளவெடுக்க மிஷினை நிறுத்தணும். எமரித் தாளை ஷாஃப்ட்டைச் சுற்றி விரலால் பொத்திப் பிடிக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? பத்து வருஷமா அதே மிஷின் முன்னால நிக்கிறவருக்கு நம்மை விட நல்லாத் தெரியும். தெரிந்த விதியை மீற வைப்பது பெரும்பாலும் எதிரே நிற்கிறவரின் அவசரம் என்பது என் கருத்து.

சித்திரை வெயிலில் மோட்டார் நின்றுவிட்டால் விவசாயி ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அங்கே ஏற்கெனவே நாலு பேர். "அண்ணா, மும்முனைக் கரண்டு மூணு மணிக்குப் போயிரும், தண்ணி கட்டோணும், கொஞ்சம் சீக்கிரம்" என்று ஆளாளுக்கு நெருக்குகிறார்கள். மிஷினை நிறுத்தி அளந்தால் ஒரு நிமிஷம். நாலு ஷாஃப்ட்டுக்குப் பத்துத் தடவை அளந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, முகம்தான் சுளிக்கிறார்கள். அப்போதுதான் ஓட்டத்திலேயே வெர்னியரை வைக்கிறார், வேஸ்ட் துணியால் துடைக்கிறார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரத்தில் எண்ணெய் விடுகிறவருக்கு உடம்போடு ஒட்டிய உடையை முதலாளி கொடுக்கணும் என்றது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்று எடுத்துக்கொண்டது. எங்க பக்கத்துப் பட்டறைகளில் இருப்பது ஒரு லேத்து, ஒரு வெல்டிங் செட்டு, ரெண்டு ஆள். அதில் ஒருவருக்கு விரல் போனால் அந்தக் குடும்பத்தின் வருமானமே போச்சு.

அதனால் வேலை கொடுக்கிறவர்தான் மாறணும். பொருளைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போங்க. நிற்கத்தான் வேணுமென்றால் சக்குக்கு நேராக நிற்காதீங்க, மிஷின் சுற்றும்போது பேச்சுக் கொடுக்காதீங்க. "நிறுத்தியே அளங்க அண்ணா, நான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. சக்கை மூடுகிற தகட்டு மூடி அவர் மாட்டியிருந்தால், கூலியில் இருபது ரூபாய் கூடக் கேட்டாலும் பேரம் பேசாதீங்க. உங்க தெருவிலும் ஒரு லேத்து இருக்கும், அங்கேயும் இதேதான். பயிர் இன்னும் அரை மணி நேரம் தாங்கும்.