திரும்பி வரும் பெட்டி: சிக்கனமும் அமானிதமும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் சட்டம் 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒன்றியத்திற்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் பேலட், பிளாஸ்டிக் பெட்டி, டிரம் போன்றவற்றில் குறைந்தது 40 விழுக்காடு, 2030 முதல் திரும்பத் திரும்பப் பயன்படுபவையாக இருக்க வேண்டும் என்கிறது அது. அட்டைப் பெட்டிக்கு இந்த இலக்கிலிருந்து விலக்கு உண்டு. எனவே ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து அட்டைப் பெட்டியில் ஷூ அனுப்புவோர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பெட்டிக்குள் வெற்றிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2022ல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு விதிகள், 4.9 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் கெட்டியான பிளாஸ்டிக் கலன்களுக்கு மறுபயன்பாட்டு இலக்கு வைத்துள்ளன. 2025-26ல் 70 விழுக்காடு; 2028-29ல் 85 விழுக்காடு. பொறுப்பு பிராண்டு உரிமையாளர்களுடையது.

இஸ்லாம் வீண்விரயத்தைத் தடுக்கும் மார்க்கம். ஆகவே இந்தப் போக்கை வரவேற்கலாம். ஆனால் ஒரே பெட்டி எல்லாத் தொழிலுக்கும் ஒத்துவராது.

கார் உதிரிபாகங்கள் தினமும் ஒரே பாதையில் செல்பவை. அங்கே மடக்குப் பெட்டி லாபம். மடக்கிய பெட்டிகள் லாரியில் குறைந்த இடத்தில் திரும்பிவிடும். 600க்கு 400 மில்லிமீட்டர் அளவுப் பெட்டி, 1200க்கு 800 பேலட்டில் ஓர் அடுக்குக்கு நான்கு சரியாக அமரும். கார் மாடல் மாறினால் உள்தடுப்பை மட்டும் மாற்றினால் போதும். தக்காளிக் கிரேட்டுக்குக் காற்றோட்டத் துளைகளும், கழுவ எளிதான வடிவமும் தேவை. தொலைதூரத்தில் ஒரே ஒரு முறை வாங்குபவருக்கு அனுப்பும்போது, காலிப் பெட்டி திரும்பி வரும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

ரசாயனக் கலன்களின் நிலை வேறு. இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் 1000 லிட்டர் தொட்டியும் பிளாஸ்டிக் டிரம்மும் அதே ரசாயனத்திற்கே, அதே வட்டத்திற்குள்ளேயே சுழல வேண்டும். நடப்பது என்ன? காலி டிரம்கள் காயலான் கடை வழியாக வீடுகளுக்கு வந்து தண்ணீர்த் தொட்டிகளாகின்றன. பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உறிஞ்சிக்கொள்ளும்; சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவை முழுதாக நீங்குவதில்லை. அந்தத் தண்ணீரைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள். அதில்தான் உளூவும் செய்கிறோம்.

இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. மேலே உலர்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்ததையும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாமல் டிரம் விற்பதும் அதே வகைதான். பழைய பொருள் வியாபாரத்திலும் தோல் தொழிலிலும் இருக்கும் நம் சகோதரர்கள், டிரம்மை வந்த கம்பெனிக்கோ உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கோ மட்டும் கொடுப்பது என்று உறுதி எடுக்க வேண்டும்.

அதுபோல, வாடகைக் கிரேட்டும் பேலட்டும் பிறர் பொருள். திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது அமானித மோசடி. பெட்டி திரும்பி வந்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும்; அதற்குச் சட்டத்தைவிட நாணயமே முதல் தேவை.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!