திருவிழா யாருடையது?

எல்லா ஊரிலும் திருவிழா உண்டு. ஆனால் நம் தர்மபுரி மாதிரி வானம் பார்த்த பூமியில் நடக்கும் திருவிழாவுக்குத் தனிக் குணம் உண்டு. மழை பெய்தால்தான் விதைப்பு, விளைந்தால்தான் விழா. சாமி, சாப்பாடு, வெள்ளாமை மூன்றையும் இங்கே பிரிக்கவே முடியாது.

ஆடி மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பள்ளிக்கூடத்துப் பழமொழி மட்டுமல்ல, நம் காட்டு வேலைக்கான காலண்டரும் அதுதான். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் கூட்டம் அலைமோதும். புதுமணத் தம்பதிகள் தாலிக்கயிறு மாற்றுவார்கள். கிராமத்துச் சாமி சிலைகளையும் வேல், கத்திகளையும் கொண்டுவந்து காவிரியில் கழுவி எடுத்துப் போவார்கள். அந்தப் பக்கம் அரூர்க்காரர்களுக்குத் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம். 2024-ல் ஆடிப்பெருக்கு சமயத்தில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியதால் ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை போட்டார்கள். பெருக்கைக் கொண்டாடப் போனவர்களை அந்தப் பெருக்கே தடுத்துவிட்டது!

அப்புறம் கூழ். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத ஊர் நம் பக்கம் குறைவு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆடி என்பது விதைக்கிற மாதம். கேழ்வரகு அறுவடைக்கு இன்னும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் தானியம் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அந்த நேரத்தில் வீடு வீடாக மாவு வாங்கி, ஒரே அண்டாவில் காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவது வெறும் சடங்கா? எனக்கு அது பசிக்கான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. இருக்கிறவன் கொஞ்சம் கொடுக்க, இல்லாதவன் கூச்சப்படாமல் வாங்கிக் குடிக்க ஒரு வழி.

இப்போது கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். பிலிப்பைன்ஸில் லுக்பான் என்று ஒரு ஊர். அங்கே ஒவ்வொரு ஆண்டும் மே 15-ம் தேதி பாகியாஸ் என்ற அறுவடைத் திருவிழா. உழவர்களின் காவலராக அவர்கள் வணங்கும் புனித இசிதோருக்கு நன்றி சொல்லும் நாள். விளைந்த நெல், காய்கறி, பழம் எல்லாவற்றையும் வீட்டு முகப்பில் தொங்கவிட்டு அலங்கரிப்பார்கள். அரிசிமாவில் இலை வடிவத்தில் வார்த்து, சாயம் ஏற்றிக் காயவைத்த 'கிப்பிங்' என்ற மெல்லிய தகடுகளும் தோரணமாகத் தொங்கும். கிட்டத்தட்ட நம்ம ஊர் வடகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். என்னை ரொம்பவும் யோசிக்க வைத்த விஷயம் வேறு. அங்கே ஊர்வலம் போகும் பாதை ஆண்டுதோறும் மாறுமாம். இந்த வருஷம் இந்தத் தெரு, அடுத்த வருஷம் வேறு தெரு. எல்லா வீட்டு வாசலுக்கும் முறை வரும்.

நம் ஊர்களில் நிலைமை என்ன? பல கிராமங்களில் சாமி ஊர்வலம் ஊர்த் தெருக்களோடு திரும்பிவிடும், காலனிக்குள் போகாது. திருவிழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். சில ஊர்களில் காலனி வீடுகளில் மட்டும் அந்த வரியை வாங்க மாட்டார்கள். கேட்க நல்ல விஷயம் மாதிரித் தோன்றும், பணம் மிச்சம்தானே என்று. ஆனால் வரி கொடுத்தவனுக்குத்தான் பந்தலில் இடம், பேச்சில் பங்கு, சாமியிடம் முதல் மரியாதை கேட்கும் உரிமை. வரி வாங்க மாட்டேன் என்றால் "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்றுதான் அர்த்தம். கோயில் நுழைவுக்கு 1947-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. சாமியின் பாதை மட்டும் இன்னும் மாறவில்லை.

"அது ஐதீகம், மாற்றக் கூடாது" என்பார்கள். சரி, தீவட்டி போய் சீரியல் விளக்கு வந்தது எந்த ஐதீகம்? தெருக்கூத்து நடந்த இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா வந்தது? கோயில் வாசலில் பிளெக்ஸ் பேனர் வந்தது? இதெல்லாம் மாறும்போது சாமி கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு தெரு கூடுதலாகச் சுற்றி வந்தால் மட்டும் கோபித்துக்கொள்ளுமா?

இன்னொரு கட்சியும் உண்டு. "சண்டை வருகிறது, திருவிழாவே வேண்டாம், கோயிலைப் பூட்டுங்கள்" என்பவர்கள். இதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் மாவட்டத்து ஆட்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். அவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வருவதே பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான். அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்றாலே அந்த நாலு நாள்தான். அதையும் பூட்டிவிட்டால் ஊர் என்று எதைச் சொல்வது?

எனக்குத் தோன்றுவது மூன்று விஷயங்கள். ஒன்று, வரி என்றால் எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி. இரண்டு, லுக்பானில் நடப்பது போல ஊர்வலப் பாதையை முறை வைத்து மாற்றுவது. மூன்று, எல்லோர் வீட்டு மாவும் விழும் ஒரே கூழ் அண்டா. மாவு கேழ்வரகாகவே இருக்கட்டும். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நம் மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. நம் காட்டில் விளைவதை நம் சாமிக்குப் படைக்காமல், அன்னதானத்தில் புளிசாதமும் தக்காளி சாதமும் போட்டுக்கொண்டிருப்பதில் என்ன பெருமை?

இதையெல்லாம் பெரியவர்கள் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வசூல் செய்வது யார்? நம் வயசுப் பையன்கள்தானே. அடுத்த முறை அந்த நோட்டு உங்கள் கைக்கு வரும்போது, அதில் எந்தெந்தத் தெருவின் பெயர் இல்லை என்று பாருங்கள். விடுபட்ட தெருவிலிருந்தே வசூலை ஆரம்பியுங்கள்.

உங்கள் ஊரில் சாமி எல்லாத் தெருவுக்கும் போகிறதா நண்பர்களே?