பார்வைக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு: வீடியோ கேமுக்குள் கேமரா வைக்கும் நம் பிள்ளைகள்



வீடியோ கேம் என்றவுடன் நம் இல்லங்களில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இன்னும் எவ்வளவு நேரம்?" தேவையான கேள்விதான், ஆயினும் அது மட்டும் போதாது. இன்று நம் பிள்ளைகளுள் ஒரு சாரார் விளையாட்டை ஆடுவதோடு நின்றுவிடுவதில்லை. அதன் உள்ளே சென்று விதிகளையே தம் கையால் மாற்றி எழுதுகின்றனர். இதனை 'மோட்' செய்தல் என்பர். ஆடுபவனிடம் நேரத்தைப் பற்றிக் கேட்கலாம். விதி எழுதுபவனிடம் மற்றொன்றையும் கேட்க வேண்டும்: "நீ எழுதும் விதி எதற்குப் புள்ளி கொடுக்கிறது?"

இந்தக் கேள்வியை விளக்குவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, விளையாட்டுக்குள் புகைப்படம் எடுக்கும் ஒரு சிறு போட்டியை அமைத்தல். இது புதிய எண்ணமன்று. 1999-இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வெளிவந்த 'போக்கிமான் ஸ்னாப்' முழுவதும் இவ்வகையே. அதில் உயிரினங்களைச் சண்டையிட வைப்பதில்லை. படம் எடுக்க வேண்டும். உருவம் படத்தில் எவ்வளவு பெரிதாக விழுந்தது, எந்த நிலையில் நின்றது, நடுவில் அமைந்ததா என்பவற்றைக் கணித்துப் புள்ளி தரப்படும். வெட்டுவதற்கும் சுடுவதற்கும் புள்ளி தரும் விளையாட்டுகளுக்கு நடுவே, கூர்ந்து நோக்குவதற்குப் புள்ளி தரும் விளையாட்டு அது.

விதி எழுதுவது எப்படி?

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள மோஜாங் நிறுவனத்தின் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டை அறியாத பிள்ளைகள் குறைவு. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு அது. அதன் கணினிப் பதிப்பான ஜாவா பதிப்பில் புகைப்படப் போட்டி ஒன்றை அமைக்கப் பெரிய நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. 'டேட்டா பேக்' எனப்படும் சில எழுத்துக் கோப்புகளே போதும்.

2021-இல் அவ்விளையாட்டில் தொலைநோக்கி சேர்க்கப்பட்டது. இரண்டு செப்புக் கட்டிகளும் ஒரு செவ்வந்திக்கல் துண்டும் இருந்தால் அதைச் செய்துகொள்ளலாம். அதன் வழியே கிளியைப் பார்த்தால் ஒரு சாதனை பதிவாகும். மோட் செய்யும் பிள்ளை இந்த அமைப்பையே கேமராவாக்கிக்கொள்ளலாம். 'தொலைநோக்கி பயன்பாட்டில் இருக்கிறது. பார்வை ஒரு நரியின் மேல் படுகிறது' என்று நிபந்தனை எழுதினால், அது நிறைவேறும்போது புள்ளிப் பலகையில் எண் கூடும். விளையாடுபவர் எஃப்2 விசையை அழுத்தினால் திரைப்படமும் கோப்பில் சேமிக்கப்படும்.

பார்வை படுகிறதா என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது? விளையாடுபவரின் கண்ணிலிருந்து ஒரு நேர்கோட்டைச் செலுத்துகிறது. இடையில் சுவர் தடுத்தால் நிபந்தனை நிறைவேறாது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகவே பண்டைய கிரேக்க அறிஞர் பலரும் கருதினர். அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று 'கிதாபுல் மனாளிர்' நூலில் நிறுவியவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கணினி தன் வசதிக்காக அந்தப் பழைய கருத்தையே பயன்படுத்துகிறது. இதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால் அவனது விளையாட்டே ஒரு பாடமாகும்.

மூன்று விதிகள், மூன்று ஒழுக்கங்கள்

இந்தப் போட்டியை அமைக்கும் பிள்ளை விரைவிலேயே மூன்று சிக்கல்களைச் சந்திப்பான். மூன்றும் தொழில்நுட்பச் சிக்கல்களாகத் தோன்றினும் ஒழுக்கத்தோடு தொடர்புடையவை.

முதலாவது, பேராசை. மைன்கிராஃப்ட் ஒரு நொடிக்கு 20 முறை தன் கணக்கைப் புதுப்பிக்கிறது. சாதனை மீண்டும் நிகழுமாறு அமைத்துவிட்டு வேறு காவல் எதுவும் வைக்காவிட்டால், ஒரே நரியை வெறித்துக்கொண்டிருப்பவனுக்கு நொடிதோறும் 20 புள்ளிகள் வரை குவியும். எனவே படம் எடுக்கப்பட்ட விலங்கின் மீது ஓர் அடையாளக்குறியை இட்டு, அதற்கு மறுமுறை புள்ளி இல்லை என்று எழுத வேண்டும். உழைப்பின்றிக் குவியும் எண் வெற்றியாகாது என்பதை அவன் தன் விதியின் மூலமே கற்கிறான்.

இரண்டாவது, தொல்லை. அவ்விளையாட்டில் நரி பகலில் நிழலில் உறங்கும். பதுங்காமல் அருகே சென்றால் விழித்து ஓடிவிடும். உறங்கும் நரிக்குக் கூடுதல் புள்ளி என்று விதி வைக்க இயலும்; ஏனெனில் நரி உறங்குகிறதா என்பதை விளையாட்டே பதிவு செய்து வைத்திருக்கிறது. அவ்வாறு வைத்தால், துரத்திப் பிடிப்பவன் தோற்பான். தொலைவில் நின்று பொறுமை காப்பவன் வெல்வான். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு சிறு பறவைக்காக நபி (ஸல்) அவர்கள் இரங்கி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உயிர்களைக் கலவரப்படுத்தாமை நம் மார்க்கத்தின் பண்பு.

மூன்றாவதே தலையாயது: எதைப் படம் எடுக்கலாம்? மைன்கிராஃப்டில் கிராமத்தார் உண்டு. அவர்களுக்கு வீடும் கட்டிலும் உண்டு. சன்னல் வழியே, உறங்கும் ஒருவரைப் படம் எடுத்தால் புள்ளி கொடுப்பதா? நண்பர்கள் சேர்ந்து ஆடும் உலகில், ஒருவர் கட்டிய வீட்டினுள் அவர் அறியாமல் எடுத்த படத்துக்குப் புள்ளி உண்டா? விதி எழுதும் பிள்ளை இதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் அதுவும் ஒரு விடையே.

துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்துள்ளான் (அல்குர்ஆன் 49:12). பிறர் இல்லத்தினுள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைவதைத் தடுத்துள்ளான் (24:27). ஆண்களையும் பெண்களையும் பார்வையைத் தாழ்த்தப் பணித்துள்ளான் (24:30, 31). தமது அறையைத் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் சட்டம் பார்வையைக் காக்கவே வந்தது என்று உணர்த்தியதை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம்.

இவ்வொழுக்கத்தை விளையாட்டின் மொழியிலேயே எழுத முடியும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. புள்ளி பெறத்தக்கவை இவை என்று விலங்குகளின் பட்டியலை மட்டும் எழுதினால், கிராமத்தார் தாமாகவே விலகிவிடுவர். நண்பர்களைப் படம் எடுக்க வேண்டுமெனில், 'ட்ரிகர்' எனும் கட்டளை உள்ளது. சாதாரண ஆட்டக்காரரும் அதைப் பயன்படுத்தித் தம் சம்மதத்தைத் தாமே பதிவு செய்யலாம். பதிவு செய்யாதவரைப் படம் எடுத்தால் புள்ளி இல்லை. அனுமதி என்பது இரண்டு மூன்று வரிகளில் எழுதிவிடக்கூடிய விதி.

இது பொம்மை உலகம்தானே என்று சிலர் கேட்கலாம். பொம்மை உலகம்தான். ஆனால் அதே பிள்ளையின் சட்டைப்பையில் உண்மையான கேமரா இருக்கிறது. திருமண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களில் உலவுவதும், விபத்தில் துடிப்பவருக்கு உதவுமுன் அவரைப் படம் பிடிப்பதும் நாம் காணும் அவலங்கள். அங்கே பிறரின் பாராட்டே புள்ளி. அந்த விதியை எழுதியவர் வேறு யாரோ. தன் சிறு விளையாட்டில் "இதற்குப் புள்ளி இல்லை" என்று ஒருமுறை எழுதிப் பழகியவன், வெளியிலும் கேமராவை உயர்த்துமுன் ஒரு கணம் தயங்குவான் என்று நாம் நம்புகிறோம். அந்தத் தயக்கமே ஹயா.

இரு ஆட்சேபங்கள்

உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டத்தை எழுப்புவோர் உண்டு, அக்கவலை மதிக்கத்தக்கது. உருவம் சமைப்போரைப் பற்றிய எச்சரிக்கை ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. கேமரா நிழலைப் பிடித்து வைக்கிறதே தவிர உருவம் சமைப்பதில்லை என்று, எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ வாதிட்டு அனுமதித்தார். அதை ஏற்காத அறிஞர்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் பலர் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. எந்தக் கருத்தைக் கொண்டாலும், பிறர் அந்தரங்கத்தைப் படம் எடுப்பது கூடாது என்பதில் அறிஞரிடையே வேறுபாடு இல்லை.

நேர விரயம் என்பது மற்றோர் ஆட்சேபம். வீணானவற்றை விட்டு விலகுவது வெற்றியடைந்த முஃமின்களின் பண்பு (23:3). ஆகவே இதற்கும் எல்லை வேண்டும். பாங்கொலி கேட்டால் திரை அணைய வேண்டும். பாடமும் உறக்கமும் பறிபோகக் கூடாது. ஆனால் முடிவின்றி ஆடுவதும், ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்து முடிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை அடையாளம் கண்டு பாராட்டுவது பெற்றோரின் கடமை.

அமானிதத்தையும் நினைவூட்ட வேண்டும். பிறர் வரைந்த படத்தையோ எழுதிய நிரலையோ எடுத்தாள அவர்களின் இசைவு வேண்டும். மைன்கிராஃப்ட் உரிம விதி, மோட் செய்வதற்கு இடம் தருகிறது. அதை விலைக்கு விற்க இடம் தருவதில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்னும் இறைக்கட்டளை (5:1) இங்கும் பொருந்தும்.

எனவே, பெற்றோர்களே! இன்றிரவு பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவன் எழுதிய விதிகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எதற்குப் புள்ளி, எதற்கு இல்லை, ஏன் என்று கேளுங்கள். அவன் சொல்லும் காரணங்களில் அவனுடைய தர்பியத் தெரியும்.

நம் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் நன்மைக்கு உரியவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.