கொடுக்கும்போது குழைவு! குறைக்கும்போது குறுஞ்செய்தி!

தாயில்பட்டியிலே நமக்கு நண்பர் ஒருவர் உண்டு. பட்டாசு ஆலை முதலாளி என்று எண்ணிவிட வேண்டாம். ஆலைக்காரர்களிடம் ஆர்டர் வாங்கி, காகிதம் வாங்கி, வீட்டுத் திண்ணையிலே நான்கு பெண்களை உட்கார வைத்து வெடிக்கான குழாய் உருட்டிக் கொடுப்பவர். மருந்து தொடாத தொழில். சனிக்கிழமை வந்தால் கூலி கொடுத்தாக வேண்டும். ஆலைக்காரரின் பணமோ சனிக்கிழமை பார்த்து வருவதில்லை. இடையிலே விழும் பள்ளத்தைத் தாண்ட அவருக்கு ஒரு பலகை கிடைத்தது. அதன் பெயர் கடன் அட்டை.

அவராகத் தேடிப் போய் வாங்கியதல்ல அது. வங்கியே தேடி வந்தது. "சார், உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம் சார், ஆயுளுக்கும் கட்டணம் கிடையாது சார்" என்று தொலைபேசியிலே தேன் சொட்டிற்று. பெண் கேட்டு வந்தவர்கள்கூட அவ்வளவு குழைந்திருக்க மாட்டார்கள். வரம்பு 1,20,000 ரூபாய் என்றார்கள். மூன்றாண்டுகள் அவரும் தவணை தவறாமல் கட்டி வந்தார்.

சென்ற ஆடி மாதத்திலே மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் 18,000 ரூபாய் கட்டச் சிவகாசி சென்றார். அட்டையைத் தேய்த்தார், போகவில்லை. மறுபடியும் தேய்த்தார்; போகவில்லை. பின்னால் வரிசையிலே நின்றவர்கள் பார்க்கிறார்கள், மகள் தலை குனிகிறாள். கைப்பேசியைத் துழாவினால், முந்திய இரவு வந்த குறுஞ்செய்தி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்திலே! மகள் படித்துப் பொருள் சொன்னாள்: "உங்கள் வரம்பு 40,000 ரூபாயாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது." ஏற்கெனவே 36,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மிச்சம் எவ்வளவு? நான்காயிரம்!

மாற்றியமைத்தார்களாம்! வெட்டியதற்கு எவ்வளவு மென்மையான சொல் பார்த்தீர்களா?

இது சட்டப்படி சரிதானா என்று நண்பர் நம்மைக் கேட்டார். ஏட்டைப் புரட்டினோம். 2022 ஏப்ரல் 21ஆம் நாள் கடன் அட்டைகளுக்கென்று ரிசர்வ் வங்கி ஒரு நெறிமுறை பிறப்பித்தது. வரம்பை உயர்த்த வேண்டுமானால் அட்டைக்காரரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று அதிலே எழுதினார்கள். நல்லது, வரவேற்கிறோம். வரம்பைக் குறைக்க வேண்டுமானால்? அறிவித்தால் போதும்! எத்தனை நாள் முன்னதாக என்ற பேச்சு அந்த வரியிலே இல்லை. கட்டணங்களை மாற்றுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று எழுதிய அதே பேனா, வரம்பை வெட்டும் இடத்திலே மை வற்றிப் போயிற்று. நிபந்தனைகள் எளிய நடையிலே, கூடுமானவரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வட்டார மொழியிலும் இருக்கட்டும் என்றும் எழுதினார்கள். கூடுமானவரை! அந்த ஒற்றைச் சொல்லின் சந்து வழியேதான் தமிழ் வெளியேறிவிட்டது. கல்லூரி வாசலில் மகள் உடன் இல்லாவிட்டால் அந்தத் தந்தைக்குச் செய்தி புரிந்திருக்குமா?

வங்கி ஏன் வெட்டுகிறது? வங்கியின் பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடமானமில்லாத கடன் அட்டைக் கடன். ஓடிவிட்டால் பிடிக்க நகையுமில்லை, நிலமுமில்லை. 2023 நவம்பர் 16ஆம் நாள் ரிசர்வ் வங்கி, அட்டைக் கடனுக்கு வங்கிகள் வைத்திருக்க வேண்டிய காப்பு மூலதனக் கணக்கை இறுக்கிற்று. அதுவரை 100 ரூபாய் அட்டைக் கடனை 125 ரூபாய் ஆபத்தாக எண்ணினார்கள். அன்று முதல் 150 ஆக எண்ணச் சொன்னார்கள். 9 விழுக்காடு மூலதனம் என்று கணக்குப் போட்டால், பதினொன்றேகால் ரூபாய் ஒதுக்கிய இடத்திலே பதின்மூன்றரை ரூபாய் ஒதுக்க வேண்டும். கை சுருங்குவது இயல்பு. அதோடு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் கட்டுவோர், வேறிடங்களிலே புதுக் கடன் வாங்கியோர், அட்டையை நெடுநாள் தொடாதோர், சொந்தச் செலவுக்கென்று தந்த அட்டையை வியாபாரத்துக்குத் திருப்பியோர், இவர்கள் மீதெல்லாம் கணிப்பொறியின் கண் விழும். நண்பர் அந்த அட்டையிலே காகிதக் கட்டு வாங்கியதும் உண்மை. அவரிடமே சொன்னோம், அது தவறு என்று.

ஆனால் இன்ன காரணம் என்று சொல்ல வாய் இல்லையா வங்கிக்கு? 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலே ஒரு வணிகரின் வரம்பை 10,800 டாலரிலிருந்து 3,800 டாலராக வெட்டினார்கள். அங்கே காரணமாவது சொன்னார்கள். என்ன காரணம்? நீர் சாமான் வாங்கிய கடைகளிலே சாமான் வாங்கிய மற்றவர்கள் கடனை ஒழுங்காகக் கட்டவில்லையாம்! பக்கத்து வீட்டுக்காரன் கடன் கட்டாததற்கு இவன் கழுத்திலே கத்தி. அங்கே அது ஊர் சிரிக்கும் செய்தியாயிற்று. இங்கே காரணமே வருவதில்லை, சிரிப்பதற்கு.

சிவகாசி வட்டாரத்துக்கு இந்தச் சந்தேகம் இன்னும் கூர்மையானது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே என்று தீர்ப்பளித்தது. சரவெடிக்குத் தடை, பேரியத்துக்குத் தடை. சரவெடி நின்றால் குழாய் உருட்டும் திண்ணையும் பாதி காலியாகும். ஆர்டர் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது. வருமானம் சீராக இல்லாதவன் என்று கணிப்பொறி நண்பரைக் குறித்துக் கொண்டதா? நம்மால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டே.

வெட்டு அதோடு நின்றதா? அதுவும் இல்லை. வரம்பு 1,20,000 ஆக இருந்தபோது 36,000 பாக்கி என்பது நூற்றுக்கு முப்பது. வரம்பு 40,000 ஆனதும் அதே 36,000 நூற்றுக்குத் தொண்ணூறு! அவர் ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்கவில்லை. ஆயினும் 300க்கும் 900க்கும் இடையே மனிதனை எடை போடும் கடன் மதிப்பெண் சரிகிறது. மதிப்பெண் சரிந்ததைக் கண்டு அடுத்த வங்கி முகம் திருப்பும். தள்ளிவிட்டவனே, "ஐயோ, விழுந்துவிட்டானே, நம்பத் தகாதவன்" என்று சாட்சி சொல்லும் விந்தை இது!

அன்று கல்லூரிக் கட்டணம் எப்படிக் கட்டினார்? தண்டல். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையிலே கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வாங்கும் தண்டல். அப்படி இரண்டு. 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டு வந்தது. தண்டலும் அதிலே அடக்கம். அட்டை வட்டிக்கு மட்டும் கடிவாளம் இல்லை. நூற்றுக்கு 30க்கு மேல் வாங்குவது முறைகேடான வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பர் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தள்ளி வைத்தது.

கடன் மறுக்கப்பட்ட வணிகர்கள் இந்தத் தென்பாண்டிச் சீமையிலே என்ன செய்தார்கள்? 1921இல் தூத்துக்குடியிலே தங்களுக்கென்று நாடார் வங்கியைக் கண்டார்கள். 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் பெற்றது அதுவே. 1969 ஜூலை 19ஆம் நாள் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது, எளியவனும் இனி வங்கிப் படியேறலாம் என்றார்கள். படியேறினான், உண்மை. படியை உருவும்போது ஒரு மாதம் முன்னே சொல்லுங்கள், காரணத்தைத் தமிழிலே சொல்லுங்கள், பாக்கி நிற்கும்போது வெட்டினால் அந்த வெட்டால் மதிப்பெண் சரியாதபடி பாருங்கள் என்று கேட்கிறோம். பேராசையா இது?

நண்பருக்கு நாம் சொன்னது சில. கோபத்திலே தவணையை நிறுத்தாதீர். நிறுத்தினால் வெட்டியவன் பக்கம் நியாயம் போய்விடும். பில் போடும் தேதிக்கு முன்பே முடிந்ததைக் கட்டிப் பாக்கியைக் குறையும். அட்டையிலே ரொக்கம் எடுக்காதீர். தானாகக் கழியும் காப்பீட்டுப் பிரீமியம் அதிலே இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றும். ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கிப் பாரும். பிழை இருந்தால் திருத்த 30 நாள். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டது. வங்கிக்குக் காரணம் கேட்டு எழுதும்; வருமான வரிக் கணக்கின் நகலை இணையும். 30 நாளில் பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கியின் வணிக முடிவிலே அவர் தலையிட மாட்டார், வரம்பை மீட்டுத் தருவார் என்று நம்ப வேண்டாம். முறையாக அறிவித்தார்களா என்பதைக் கேட்பார்.

நண்பர் எழுதிவிட்டார். தமிழிலே எழுதினார், மகள் கையெழுத்திலே. பதிவுத் தபாலில் போட்டு ரசீதைக் காகிதக் கட்டுக்கு மேலே, ஆணியிலே குத்தி வைத்திருக்கிறார். நாம் சென்றிருந்த மாலை ஆறு மணிக்குத் தண்டல்காரர் வண்டி வாசலிலே நின்றது. இருநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, "இவராவது தமிழ்லே பேசறாரே" என்றார் நண்பர்.