'பேஷன்ட் கூட யார் இருக்கீங்க?' - 100 நாள் டியூட்டிக்கு லீவு எங்கே?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றதும் பலருக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் நோயாளியின் உடம்பில் கத்தியே படாது. தானமாகப் பெற்ற ஸ்டெம் செல்கள் ஒரு பையில் வரும், ரத்தம் ஏற்றுவது மாதிரி நரம்பு வழியாக ஏறும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த நாளை டாக்டர்கள் 'டே ஜீரோ' என்கிறார்கள். கணக்கே அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. அதிலிருந்து முதல் 100 நாள்தான் பெரிய கண்டம்.

அந்த 100 நாளும் வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, "பேஷன்ட் கூட யார் இருக்கீங்க?" கல்யாணமானவர் என்றால் பெரும்பாலும் கணவரோ மனைவியோதான் கையைத் தூக்குவார். ஸ்டெம் செல் பொருந்துவதற்கு உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 25 சதவிகித வாய்ப்பு உண்டு. வாழ்க்கைத் துணைக்குப் பொருந்துவது அபூர்வம். ஆக, தானம் தருவது ரத்த சொந்தம், கூட இருந்து காவல் காப்பது கட்டிக்கொண்ட சொந்தம்.

சரி, அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்? டே ஜீரோவுக்கு முன்பு கொடுக்கும் கடுமையான கீமோ, பழைய மஜ்ஜையோடு நோய் எதிர்ப்பு சக்தியையும் துடைத்து எடுத்துவிடும். புது செல்கள் வேர் பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை வடிகட்டிய காற்று வரும் தனி அறை. வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்கவே வலிக்கும். நாலு ஸ்பூன் கஞ்சி உள்ளே போவதற்கு ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டியிருக்கும். தினமும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் கண் முதலில் தேடுவது வெள்ளணுக்களின் எண்ணிக்கையைத்தான். பிளேட்லெட் ஏற்ற வேண்டும் என்றால் டோனர் தேடி போனைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்த பிளேட்லெட் சுமார் 5 நாள்தான் தாங்கும் என்பதால் மொத்தமாகச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. நடுவில், பழக்கூடையும் பூங்கொத்துமாக வந்து நிற்கும் மாமாவை வாசலிலேயே திருப்பி அனுப்பி, கெட்ட பெயரும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் வேலை குறையும் என்று நினைத்தால், கூடத்தான் செய்யும். அதுவரை நர்ஸ் பார்த்தது இனி இவர் பொறுப்பு. புது செல்கள் உடம்பையே தாக்காமல் இருக்கத் தரும் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் மட்டும் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை டோஸ். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனாலேயே பலரும் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிறார்கள். வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களைப் பார்த்தால் தெரியும்.

இத்தனையும் சிகிச்சையின் ஒரு பகுதி. கூட ஆள் இல்லை என்றால் ஆஸ்பத்திரியே தயங்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் இது வேலையும் இல்லை, லீவுக்கான காரணமும் இல்லை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்படி வருடத்துக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. உடம்பு சரியில்லாவிட்டால் தனியாக 12 நாள், அதுவும் ஊழியருக்கே நோய் வந்தால்தான். ஒரு வருடத்து விடுப்பை முழுதாகக் கையில் வைத்திருந்தாலும் அதில் 24 நாள்தான் தேறும். மீதி 76 நாள்?

இஎஸ்ஐ-யிலும் இதே ஓட்டைதான். நோய்வாய்ப்பட்ட தொழிலாளிக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவிகித ஊதியம் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவருக்குப் பைசா கிடையாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது, பெரிய விஷயம்தான். ஆனால் அது ஆஸ்பத்திரி பில்லுக்கு. நின்றுபோன சம்பளத்துக்கும் அறை வாடகைக்கும் அது வராது.

"அம்மாவை வரச் சொல்லலாமே" என்று மேனேஜர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆள் மாற மாறத் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். மருந்துக் கணக்கு கை மாறும்போது தப்பு நடக்கும். 65 வயது அம்மாவால் எத்தனை ராத்திரி விழிக்க முடியும்? கடைசியில் ராஜினாமா கடிதம் எழுதுவது பல வீடுகளில் மனைவிதான். நோயாளி மனைவி என்றால் கணவர் லேப்டாப்போடு வார்டு வராந்தாவில் உட்கார்ந்து மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருப்பார். ஒர்க் ஃப்ரம் ஹோம் தருவதைச் சலுகையாக நினைக்கும் நிறுவனங்களுக்கு ஒன்று: அது லீவு அல்ல, இரண்டு ஷிஃப்ட்.

சின்ன நிறுவனம் மூன்று மாதச் சம்பளத்தை எப்படித் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. ஜப்பானில் அந்தச் சுமையை முதலாளி தலையில் மட்டும் கட்டவில்லை. அங்கே குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க மொத்தம் 93 நாள் விடுப்பு உண்டு, மூன்று தவணையாகவும் பிரித்துக்கொள்ளலாம். ஊதியத்தில் 67 சதவிகிதத்தை வேலைவாய்ப்புக் காப்பீடு தருகிறது. இங்கே இஎஸ்ஐ-யில் அதே 91 நாளை, ஆஸ்பத்திரி சான்று இருந்தால் உடன் இருப்பவருக்கும் நீட்டிப்பதில் என்ன சிக்கல்? 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் அந்த வளையத்துக்கு வெளியே நிற்பார்கள் என்பதால், கடைகள் சட்டத்திலும் திருத்தம் தேவைப்படும். மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்க முடியாது என்றும்தான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 2017-ல் ஆனது.