பெஸ்ட் ஸ்பாட் எங்கே சார்?

கப்பல் சுற்றுலா கோஷ்டியைப் பார்த்திருக்கிறீர்களா? தீவில் கப்பல் நிற்பது ஆறேழு மணி நேரம். இறங்கியதும் ஒரே கேள்வி: 'நல்ல பீச் எது, சீக்கிரமா எப்படிப் போறது?'

சிரிக்காதீர்கள். ராத்திரி பஸ் ஏறி, விடியலில் போடியில் இறங்கும் நாமும் அதே கோஷ்டிதான். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனா, கொழுக்குமலையா? எது அழகு, எது கிட்ட? திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கே!

2018 மார்ச் 11, ஞாயிறு. காய்ந்த புல்லில் பற்றிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அனுமதி டாப் ஸ்டேஷனுக்கு. போனதோ கொழுக்குமலைக்கு என்றது வனத்துறை. இறந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கூட்டிப்போனவர்களை நம்பிப் போனார்கள், பாவம். ஆனால், கொளுத்தும் மார்ச்சில் மலைப்பாதைக்கு அனுமதி கொடுத்தவர்களுக்குப் பங்கே இல்லையா?

அதன் பிறகு விதிகள் வந்தன. 2024-ல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி. குரங்கணி - சாம்பலாறும் அதில் உண்டு. நல்லது.

ஆனால் சார், அந்த வழிகாட்டி 'இன்னிக்கு வேணாம், திரும்பிடலாம்' என்றால் திரும்புவோமா? 'காசு கட்டியிருக்கோம்ல' என்று மல்லுக்கு நிற்போமா? எந்த விதியும் இதற்கு மருந்தில்லை.

மலை எங்கேயும் ஓடிப்போகாது. இன்னொரு நாள் லீவு போட்டு வாருங்கள். முடியாதா? குரங்கணியில் ஒரு டீ குடித்து, அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள். வீடு திரும்புவதுதான் சார் பெஸ்ட் ஸ்பாட்!