2520 அதிசயம் இல்லை, ஆறாம் வகுப்புக் கணக்கு



"2520 ஓர் அதிசய எண். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும். ராமானுஜன் கண்டுபிடித்தது." இந்த வாட்ஸ்அப் செய்தி இந்த வாரம் மட்டும் ஐந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. நம் ஓசூர் அல்லவா, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வந்தது. அனுப்பியதில் மூன்று பேர் என்னிடமே கணக்குப் படித்தவர்கள்!

அதிசயம் இல்லையப்பா, அது மீச்சிறு பொது மடங்கு. 5, 7, 8, 9 நான்கையும் பெருக்குங்கள், 2520 வரும். 10 வரை உள்ள மற்ற எண்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இந்தக் கணக்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் நூலில் இருக்கிறது. 7 நாள், 30 நாள், 12 மாதம் பெருக்கினால் 2520 வருகிறதாம். எல்லா மாதத்துக்கும் 30 நாளா? 365 அதை மீதியின்றி வகுக்குமா?

"ராமானுஜனைக் குறைத்துப் பேசலாமா சார்?" என்றான் ஒருவன். குறைப்பது நானல்ல, அந்தச் செய்திதான். 1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் அவர் எழுதியது வேறு. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை ஆராய்ந்தார். 2520-க்கு 48 வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் 40-ஐத் தாண்டாது. அவர் பட்டியலின் கடைசி எண் 6746328388800. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5, 7 இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10080 வகுத்திகள்!

அந்தப் பட்டியலில் 293318625600 விட்டுப்போனது. அதை 23-ஆல் பெருக்கினால் அதே கடைசி எண் வரும். அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்ட மனிதர்தான், மந்திரவாதி அல்ல.

மீச்சிறு பொது மடங்குக்கே மேதை வேண்டும் என்று சொன்னால், நம் வீட்டுப் பிள்ளை "கணக்கு எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடும். சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். 24 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தோடு ஓடினால், 3 சுற்றுக்கு ஒருமுறை அதே இரண்டு பல் உரசும். 37 பல் என்றால் 37 சுற்றுக்கு ஒருமுறைதான். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பரவும். அதுவும் இதே கணக்குதான்.

இனி அனுப்புவதற்கு முன் பேப்பரில் போட்டுப் பாருங்கள். வீட்டுப்பாடம்: 1 முதல் 12 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் எது? பிள்ளைகளோடு சேர்ந்து போட்டு, விடையைக் கீழே எழுதுங்கள். கூகுள் பார்க்கக் கூடாது.

உங்கள் கணக்கு வாத்தியார்